நாவல் வாங்கும் முன் மாதிரியைப் படியுங்கள்

இளையோர் ஃபேன்டஸி, காதல் நாவல் எதையும் காசு கொடுத்து வாங்கும் முன், அதன் இலவச மாதிரியை அமேசானின் மின்னூல் செயலியான கிண்டிலில் இறக்கிப் படித்துவிடுங்கள். ஃபோனே போதும், தனிக் கருவி வேண்டாம். பயணத்தில்கூடப் படிக்கலாம்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். வைஃபை இருக்கும்போதே நாலைந்து மாதிரிகளை இறக்கிக்கொண்டால், வழியில் சிக்னல் போனாலும் கவலையில்லை.

மாதிரி என்பது பெரும்பாலும் புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கு. 400 பக்க நாவல் என்றால் சுமார் 40 பக்கம். மந்திர உலகத்தின் விதிகள் பிடிபடுகின்றனவா, கதை சொல்லும் பெண்ணின் குரல் நம்மை இழுக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். இந்த வகை நாவல்கள் மூன்று, நாலு பாகங்களாக வருவது வழக்கம். முதல் பாகம் பிடிக்காது என்று முன்பே தெரிந்தால் தொடர் முழுவதற்கும் ஆகும் செலவு மிச்சம். அப்படியே கடைசிப் பாகம் வெளிவந்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதியில் நிற்கும் தொடரைவிட எரிச்சல் வேறில்லை.

மெதுவாக மலரும் காதல் கதைகளுக்கு இது சரிவராது. அவற்றில் இருவரும் மனம்விட்டுப் பேசுவதற்கே பாதிப் புத்தகம் ஓடிவிடும். வரைபடம், பாத்திரப் பட்டியல் என்றே மாதிரி தீர்ந்துபோனாலும் பயனில்லை.