குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தும் முறை

நம் வீடுகளின் குளியலறைகளில், கூரையை ஒட்டினாற்போல் சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் செருகிய சிறிய வென்டிலேட்டர் ஒன்று பெரும்பாலும் இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவதற்குச் சுவரை உடைக்கத் தேவையில்லாத இடம் அதுதான். ஆனால் இரண்டு மூன்று பட்டைகளை மட்டும் கழற்றி அங்கே ஃபேனை மாட்டிவிட்டு, மற்றப் பட்டைகளின் இடைவெளிகளை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் பலர். அப்போது ஃபேன் பக்கத்து இடுக்குகளின் வழியே வெளிக்காற்றையே உள்ளே இழுத்து, அதையே மீண்டும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அறையின் ஈரக்காற்று இருந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே வென்டிலேட்டர் முழுவதையும் அளந்து, ஃபேனுக்கு மட்டும் துளையிட்ட அக்ரிலிக் தகட்டாலோ அலுமினியத் தகட்டாலோ அதை மூடி, ஓரங்களில் சிலிக்கான் பூசிவிட வேண்டும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். கதவின் அடியில் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இடைவெளி இருந்தால் போதும். அது இல்லாத குளியலறையில் எவ்வளவு விலையுயர்ந்த ஃபேனும் வெறும் இரைச்சலைத்தான் தரும். கதவுக்கு எதிர்ச்சுவரில் ஃபேன் அமைந்தால், காற்று அறை முழுவதையும் கடந்து செல்லும். குளியலறைக்குள் கேஸ் கெய்சர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்று வரத்து குறைந்த அறையில் ஃபேன் ஓடும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியே போக வேண்டிய எரிபுகை அறைக்குள்ளேயே திரும்பக்கூடும். அதில் கலந்திருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்தக் கெய்சரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவதுதான் தீர்வு. எக்ஸாஸ்ட் ஃபேன் அதற்கு மாற்றாகாது.

அளவைத் தேர்ந்தெடுப்பது எளிது. 8 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 360 கன அடி, அதாவது ஏறத்தாழ 10 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டுமென்றால் மணிக்கு 100 கன மீட்டர் தேவைப்படும். கடைகளில் கிடைக்கும் 6 அங்குல ஃபேன்களே பொதுவாக இதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால், சாதாரணக் குளியலறைக்கு 8 அங்குலம் வாங்குவது பெரும்பாலும் இரைச்சலைத்தான் கூட்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழாய்கள் செல்லும் டக்ட்டுக்குள் காற்றை விட நேர்ந்தால், ஃபேன் நிற்கும்போது தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் உள்ள வகையையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்வீட்டுக் குளியலறையின் வாடை நம் வீட்டுக்கு வந்து சேரும்.

வென்டிலேட்டர் இல்லாத சுவரில் கோர் கட்டிங் இயந்திரத்தால் (சுவரை வட்டமாக அறுத்தெடுக்கும் துளைக்கருவி) வட்டத்துளை போடச் சொல்வது நல்லது. உளியால் உடைத்தால் டைல்ஸ் விரிசல் விடும். பீம், லின்டல் (கதவு, ஜன்னல்களுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) ஆகியவற்றில் துளையிடவே கூடாது. துளையின் அளவு ஒவ்வொரு மாடலுக்கும் மாறும் என்பதால், ஃபேனை வாங்கிப் பெட்டியில் உள்ள அளவைப் பார்த்த பிறகே ஆளை அழைக்க வேண்டும். துளைக்குள் செருகும் பி.வி.சி. குழாய் வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால், ஐப்பசி, கார்த்திகை மாதத்துச் சாரல் உள்ளே ஒழுகாது. வெளிமுனையில் மழைமறைப்பும், புறா கூடு கட்டாதபடி ஒரு கம்பிவலையும் தேவை. வலையின் கண் மிக நெருக்கமாக இருந்தால் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்துவிடும்.

மின்வேலையில் சிறிதளவு ஐயம் இருந்தாலும் உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விட்டுவிடுவதே முறை. தாமே செய்யத் தெரிந்தவர்களும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஒயரைத் தொடக்கூடாது. பழைய வீடுகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் ஒயருக்குப் பதிலாக, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயரில் இணைக்கப்பட்டிருப்பதுண்டு; அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஃபேனுக்கு வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். ஆகவே மின்பெட்டியில் அந்த லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி.யை இறக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயினை இறக்கிய பிறகும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள். அதன் பின்னரும் டெஸ்டரால் ஒவ்வொரு ஒயரையும் சோதிக்க வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னதாகவே மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறங்களிலும் ஒரு குழப்பம் உண்டு. வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் பேஸுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை எர்த்துக்கும் உரியவை. ஃபேனோடு வரும் ஒயரிலோ பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். நீலத்தை நீலத்தோடு இணைப்பது சரியென்று தோன்றினாலும், அது தவறாகிவிடலாம். உலோக உடல் கொண்ட ஃபேனுக்கு எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும். ஃபேனின் மின்தேவை மிகக் குறைவு என்பதால் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரே போதும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த லைன், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வர வேண்டும். ஃபேன் ஷவருக்கு நேர் மேலே வராமல் குறைந்தது 2 அடியாவது தள்ளியிருப்பது நல்லது. தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் ஐ.பி.எக்ஸ்.4 (தெறிக்கும் நீரைத் தாங்கும்) தரம் உள்ளதை வாங்க வேண்டும். ஒயர் ஃபேனுக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறுமாறு விட்டால், அதன் வழியே வழியும் நீர் இணைப்புக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, முன்பக்கக் கிரில் அருகே ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். காகிதம் ஒட்டிக்கொண்டால் இழுவை சரியாக இருக்கிறது. கதவைத் திறந்தால் ஒட்டி, மூடினால் விழுந்தால், கதவடி இடைவெளி போதவில்லை என்று பொருள். காகிதம் விலகிப் பறந்தால் ஃபேன் திசை மாறி மாட்டப்பட்டிருக்கிறது. குளித்து முடித்த பிறகும் 15 நிமிடங்களாவது ஃபேன் ஓட வேண்டும், ஏனென்றால் சுவரிலும் தரையிலும் தங்கிய ஈரம் அதன் பிறகுதான் மெல்ல ஆவியாகிறது. சோப்புப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஷட்டர் இதழ்களை ஒட்டிவிடும் என்பதால், மூன்று மாதத்திற்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு அவற்றை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் உறுமல் மட்டும் கேட்டு இறக்கை சுழலாவிட்டால், மோட்டார் சூடேறிக் கருகுமுன் உடனே அணைத்துவிட வேண்டும்.