கிட் ரிமோட் ஸ்கிரிப்ட்: கரண்ட் போனாலும் கெடாமல் பராமரிக்க

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஒரு சின்ன ஆபீஸ். மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் ராத்திரி 2 மணிக்கு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் வசதி) ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. மென்பொருள் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டின் தொலைவு ரிப்போதான் ரிமோட்; அதிலிருந்து எடுப்பது ஃபெட்ச், பிறகு பில்டு, டேக், கடைசியில் திருப்பி அனுப்பும் புஷ். கத்திரி வெயில் நாளில் கரண்ட் போய்ப் போய் வரும். பாதி ஃபெட்ச்சில் நெட் அறும். அப்போது ஸ்கிரிப்ட் தொங்கி நிற்கக் கூடாது; தோற்றுவிட்டு ஜெயித்ததாகச் சொல்லவும் கூடாது. பராமரிப்பு வேலையில் பெரும்பங்கு இந்த இரண்டுதான்.

தொங்குவதை முதலில் நிறுத்துங்கள். ஸ்கிரிப்ட்டின் தலைப்பிலேயே கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்=0 என்று எக்ஸ்போர்ட் செய்தால், கிட் பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருக்காமல் உடனே தோற்று வெளியே வரும். ரிமோட்டை எட்டுவது எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழி என்றால் கிட்_எஸ்எஸ்ஹெச்_கமாண்டில் பேட்ச்மோட்=யெஸ், கனெக்ட்டைம்அவுட்=10, சர்வர்அலைவ்இன்டர்வல்=15 மூன்றையும் சேருங்கள். கடைசியது முக்கியம்: இணைப்பு கிடைத்த பிறகு லைன் செத்தால் கனெக்ட்டைம்அவுட் உதவாது. 15 நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, மூன்று முறை பதில் வராவிட்டால் எஸ்எஸ்ஹெச் தானே துண்டித்துக்கொள்ளும். இவற்றை க்ரான்டேபில் வைக்காமல் ஸ்கிரிப்ட்டிலேயே வையுங்கள். கையால் ஓட்டினாலும் அதே நடத்தை வேண்டும்.

முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்காமலிருக்க ஃப்லாக் -என் (பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் விலகும் கட்டளை) போதும். அந்தப் பூட்டைக் கர்னல் வைத்திருப்பதால் கரண்ட் போனால் தானாகப் போய்விடும். கிட் போடும் .லாக் கோப்புகள் அப்படியல்ல, டிஸ்க்கில் தங்கிவிடும். அவற்றை ஸ்கிரிப்ட்டே அழிக்கும்படி எழுதாதீர்கள். அந்த ரிப்போவில் வேறு கிட் ஓடவில்லை என்று பார்த்த பிறகு ஆளே அழிக்கட்டும்.

அடுத்தது எக்ஸிட் கோடு, அதாவது கட்டளை முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி. கிட் ஃபெட்ச்சின் வெளியீட்டை டீ (திரையிலும் கோப்பிலும் எழுதும் tee கட்டளை) என்பதற்குள் பைப் செய்தால் ஷெல்லுக்குக் கிடைப்பது டீயின் கோடு. ஃபெட்ச் தோற்றாலும் 0 வரும். பேஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் போடலாம், பைப்பில் எது தோற்றாலும் தெரியும். உபுண்டுவில் /பின்/எஸ்ஹெச் என்பது டாஷ் என்ற வேறு ஷெல், பழைய டாஷில் அது கிடையாது. லாகைக் கோப்புக்குத் திருப்பிவிடுவதே நல்லது. ஃபங்ஷனுக்குள் லோக்கல் மாறியை அறிவிக்கும் வரியிலேயே கட்டளையின் வெளியீட்டை ஏற்றினாலும் இதே கேடு: வருவது லோக்கலின் கோடு. அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பை மறு வரியிலும் எழுதுங்கள்.

ரிமோட்டிலுள்ள பிராஞ்ச்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ரிமோட்டில்தான் அதிகம் ஏமாறுவோம். வெளியீடு காலியாக இருந்தால் பிராஞ்ச் இல்லை என்று முடிவு கட்டும் ஸ்கிரிப்ட், நெட் இல்லாத இரவில் தவறான வேலை செய்யும். --எக்ஸிட்-கோடு சேருங்கள்: இருந்தால் 0, பொருந்தும் ரெஃப் (பிராஞ்ச், டேக் போன்ற பெயர்) இல்லாவிட்டால் 2, ரிமோட்டையே எட்டாவிட்டால் 128. 2-க்கும் 128-க்கும் தனித்தனிக் கிளை எழுதுங்கள். பிராஞ்சை வெறும் மெயின் என்று கேட்காதீர்கள், ஆம்பூர்/மெயின் என்பதும் பொருந்திவிடும். ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின் என்று முழுதாகக் கேளுங்கள்.

புஷ் முடிவை மனிதருக்கான செய்தியில் க்ரெப் செய்து (சொல் தேடி) எடுக்க வேண்டாம். அந்த வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். --போர்சிலெய்ன் கொடுத்தால் ரெஃபுக்கு ஒரு வரி வரும், முதல் எழுத்து! என்றால் மறுக்கப்பட்டது, = என்றால் ஏற்கெனவே சேர்ந்தது, * என்றால் புதியது.

ரிமோட் நமக்குத் தெரிந்த நிலையிலேயே இருந்தால்தான் மேலெழுதும் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அது ஒப்பிடுவது நம் கம்ப்யூட்டரிலுள்ள ட்ராக்கிங் ரெஃபை, அதாவது ரிமோட் கடைசியாக இருந்த நிலையின் குறிப்பை. க்ரான் ஃபெட்ச் அதைப் பின்னணியில் புதுப்பித்துவிட்டால், நாம் பார்த்தே இராத கமிட்டையும் பார்த்ததாகக் கணக்கில் கொண்டு மேலெழுதிவிடும். வேலை தொடங்கும்போது குறித்த ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறியீடு) பிராஞ்ச் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்துத் தெளிவாகக் கொடுங்கள்.

ரெஃபைப் பூட்ட முடியவில்லை என்று ஃபெட்ச் நின்றால் பெயர் மோதலா என்று பாருங்கள். ரிமோட்டில் ஆம்பூர் என்ற பிராஞ்சை நீக்கி, ஆம்பூர்/பில் என்று புதிதாகத் தொடங்கியிருப்பார்கள். இங்கே பழைய ரெஃப் கோப்பாக நிற்பதால் அதே பெயரில் ஃபோல்டர் உருவாகாது. --ப்ரூன் போட்டால் பழையதை அழித்துவிட்டே எடுக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஷெல்செக் (ஸ்கிரிப்ட்டில் பிழை தேடும் கருவி) ஓட்டுங்கள். பிறகு எம்கேடெம்ப் -டி மூலம் தற்காலிக ஃபோல்டர் எடுத்து, கிட் இனிட் --பேர் போட்டு (வேலைக் கோப்புகள் இல்லாத 'பேர்' ரிப்போ, bare), அதையே ரிமோட்டாக வைத்துச் சோதியுங்கள், நெட் தேவையில்லை. அந்த பேர் ரிப்போவின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்கிரிப்ட் 0 தந்தால் எங்கோ ஒரு கோடு விழுங்கப்படுகிறது.