எதுக்கு மேல? எதைப் பொறுத்து? – கணக்கிலும் பிசிக்ஸிலும் வழக்கமாக வழுக்கும் இடங்கள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒருநாள் பையனைக் கூட்டிப்போக வந்த ஒரு அப்பா, படிக்கட்டில் நின்றபடியே போர்டில் இருந்த கணக்கைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு நேரம், ஆவரேஜ் 30தானே" என்றார். கணக்கு இதுதான்: ஓசூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், திரும்பும்போது 40. மொத்தப் பயணத்துக்குச் சராசரி வேகம் என்ன?

20ஐயும் 40ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 30 வரும்தான். ஆனால் போவதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, வருவதற்கு ஒரு மணி நேரம். 80 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடந்தால் மணிக்கு 26.67தான். மெதுவான வேகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வேகமாக வந்த ஒரு மணி நேரத்துக்கும் அதற்கும் சமமான மதிப்பு கொடுத்தால் எப்படி? அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சரி, விட்டேனா? "போகும்போது அதே 20தான், மொத்தச் சராசரி 40 வரணும்னா திரும்பி என்ன வேகத்துல வரணும் சார்?" என்று கேட்டேன். யோசிக்காமல் 60 என்றார். 60இல் வந்தால் சராசரி சரியாக 30தான் வரும். சராசரி 40 வேண்டுமென்றால் 80 கிலோமீட்டரும் இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும், அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் போகும்போதே செலவு பண்ணியாயிற்றே, ஆகவே ராக்கெட்டில் திரும்பினாலும் முடியாது. அவர் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார், பையன்தான் பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தான்.

பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தித் திருத்தி எனக்குத் தோன்றுவது, ஃபார்முலா மறந்துபோய் வரும் தவறு குறைவு. எண்ணைப் பார்த்ததும் அது எதுக்கு மேல, எதைப் பொறுத்து, எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்காமல் கூட்டவோ பெருக்கவோ போவதால் வருவதுதான் அதிகம். அதில் பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை.

சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் '50% + 20% தள்ளுபடி' என்று போர்டு வைத்தால் மனசு உடனே 70 என்று கூட்டிவிடும். 1,000 ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகிறது, அப்புறம் 20 சதவீதம் அந்த 500க்குத்தான், ஆக 400. தள்ளுபடி 60 சதவீதம். வாடகையிலும் இதே கதை. 20,000 ரூபாய் வாடகையை ஓனர் 25 சதவீதம் ஏற்றினால் 25,000. அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவர அவர் 25 சதவீதம் குறைக்க வேண்டியதில்லை, 20 போதும், ஏனென்றால் இப்போது சதவீதம் பெரிய தொகைக்கு மேல் ஓடுகிறது. 25 சதவீதமே குறைத்தால் 18,750 ஆகிவிடும், அப்படி ஒரு ஓனரை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கடன் வட்டி 8 சதவீதத்திலிருந்து 9 ஆனால் 'ஒரு சதவீதம்தான் ஏறிச்சு' என்பார்கள். ஏறியது ஒரு சதவீதப் புள்ளி. பழைய வட்டியைப் பொறுத்துப் பார்த்தால் நீங்கள் கட்டும் வட்டி எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் கூடியிருக்கிறது.

அடுத்து அடுப்படி. என் அத்தை சென்னையிலிருந்து இங்கே வந்து தங்கிய புதிதில், "உங்க ஊர் கேஸ்ல சூடே இல்லடி, பருப்பு வேகவே மாட்டேங்குது" என்பார். குக்கர் வேண்டாம், வெண்கலப் பானையில்தான் வைப்பேன் என்று ஒரு பிடிவாதம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம், எந்த ஊரில் என்று யாரும் கேட்பதில்லை. அது கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலை இறங்கும், ஆகவே இங்கே 97 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்கு மேல் திறந்த பானையில் சூடேறாது. பருப்புக்கு மூன்று டிகிரி குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம். (எல்லாப் பழியையும் உயரத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. போர் தண்ணீரில் கால்சியம் அதிகம் இருந்தாலும் பருப்பு அடம்பிடிக்கும். அத்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கி வைத்துக் கொடுத்ததும் பாதிப் புகார் போய்விட்டது.)

இதைவிடப் பரவலான தவறு, கொதிக்க ஆரம்பித்த பிறகும் அடுப்பைப் பெரிதாக எரியவிடுவது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. கொதிக்கும் தண்ணீருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் முழுக்க அதை ஆவியாக்குவதில் செலவாகிறது, தண்ணீர் அதே 97இல்தான் நிற்கும். பருப்புக்குத் தெரிவது தண்ணீரின் வெப்பநிலை மட்டும், அடியில் எரியும் தீ பெரிதா சின்னதா என்பது அதற்குத் தெரியாது. குக்கர் இந்த வரம்பைத்தான் உடைக்கிறது. மூடி மேல் உட்காரும் குண்டின் எடை உள்ளே அழுத்தத்தை வெளிக்காற்றைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏற்றிவிடும், தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில் போன பிறகுதான் கொதிக்கும். அங்கேயும் விசில் வந்த பிறகு தீயைக் குறைத்தால் நஷ்டமில்லை, குண்டு அனுமதிக்கும் அழுத்தத்துக்கு மேல் எப்படியும் போகாது.

கரண்ட் பில் பற்றி ஒரு வார்த்தை. 'இந்த கெய்சர் மணிக்கு 2 கிலோவாட் இழுக்கும்' என்ற வாக்கியமே தப்பு. கிலோவாட் என்பதிலேயே நேரம் ஒளிந்திருக்கிறது, அது இழுக்கும் வேகம். பில்லில் வரும் யூனிட் என்பது கிலோவாட்டை மணியால் பெருக்கியது. 2 கிலோவாட் கெய்சர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்இடி பல்பு ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 0.09 யூனிட். ஆக ஒரு நீண்ட குளியலும் பதினோரு ராத்திரி பல்பும் ஒன்று. ஹாலில் பல்பு எரிகிறது என்று தினமும் கத்துகிற என் வீட்டுக்காரர்தான் கெய்சரைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போவார்.

பஸ்ஸுக்கு வருவோம், பரீட்சையில் அதிகம் மார்க் போவது இங்கேதான். அல்சூர் ஏரியை ஒட்டி பஸ் இடதுபக்கம் வளையும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் வலதுபக்கம் சாய்வோம், 'ஏதோ ஒரு ஃபோர்ஸ் வெளியே தள்ளுது' என்று சத்தியம் பண்ணுவோம். இதையே பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு ஆளின் கண்ணால் பாருங்கள். நீங்கள் வந்த திசையிலேயே நேராகப் போகப் பார்க்கிறீர்கள், பஸ்தான் உங்கள் காலடியிலிருந்து இடதுபக்கம் நழுவுகிறது. உங்களை யாரும் வெளியே தள்ளவில்லை. சொல்லப்போனால் உங்கள் மேல் இருக்கும் பக்கவாட்டு விசை உள்பக்கமாகத்தான், நீங்கள் பிடித்திருக்கும் கம்பியும் செருப்புக்கும் தரைக்கும் இடையிலான உராய்வும் உங்களை இடதுபக்கம் இழுத்து வளைவோடு சேர்த்துக் கூட்டிப்போகின்றன. பஸ்ஸோடு சுழல்கிறவரின் பார்வையில் கணக்குப் போட்டால் வெளியே தள்ளுகிற மையவிலக்கு விசை என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், அது குற்றமில்லை. ஆனால் பிள்ளைகள் பிளாட்பாரத்திலிருந்து பார்ப்பதுபோலப் படம் வரைந்துவிட்டு அதில் உள்ளே இழுக்கிற மையநோக்கு விசை ஒரு அம்பு, மையவிலக்கு விசை எதிர்ப்பக்கம் இன்னொரு அம்பு, இரண்டும் சமம், அடித்துவிட்டேன் என்று எழுதுவார்கள். அப்படி இரண்டும் அடிபட்டுப் போனால் மிச்சம் பூஜ்யம், அப்புறம் பஸ் வளையவே வளையாது, நேராக ஏரிக்குள்தான். யார் பார்வையில் எழுதுகிறோம் என்று முதலில் முடிவு பண்ண வேண்டும், பாதியில் கட்சி மாறக் கூடாது.

இதோடு பிறந்த இன்னொன்று, மேஜை மேல் புத்தகம். புவி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது, மேஜை மேலே தள்ளுகிறது, இரண்டும் சமம், ஆகவே நியூட்டனின் மூன்றாம் விதி (ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை ஒன்று உண்டு) என்று எழுதினால் மார்க் போச்சு. மூன்றாம் விதியின் ஜோடி ஒருபோதும் ஒரே பொருளின் மேல் இருக்காது, இங்கே இரண்டுமே புத்தகத்தின் மேல். சந்தேகம் இருந்தால் மேஜையை லிஃப்டுக்குள் கொண்டுபோங்கள், லிஃப்ட் மேலே கிளம்பும் நொடியில் மேஜை தள்ளும் விசை எடையைவிட அதிகமாகிவிடும். உண்மையான ஜோடி என்றால் எப்போதும் சமமாகத்தானே இருக்கணும்? புவி புத்தகத்தை இழுப்பதன் ஜோடி, புத்தகம் புவியை இழுப்பது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், உண்மை அதுதான்.

லிஃப்ட் வந்ததால் விண்வெளியையும் முடித்துவிடுகிறேன். விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பதைப் பார்த்து 'அங்கே ஈர்ப்பு இல்லை' என்று நினைக்காதவர்களை எண்ணிவிடலாம். அது பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், இங்கிருந்து சென்னை போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம், செங்குத்தாக. அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்புறம் ஏன் மிதக்கிறார்கள் என்றால், நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவதால் விழ விழப் பூமியின் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. எடை பார்க்கும் மிஷினில் நாம் படிப்பது மிஷின் நம்மைத் தள்ளும் அளவு, மிஷினும் கூடவே விழுந்தால் அது எதைக் காட்டும்? நிறை (பொருள் எவ்வளவு இருக்கிறது) வேறு, எடை (அதை ஈர்ப்பு இழுக்கும் விசை) வேறு என்பதும் இங்கேதான் விளங்கும். நிலாவில் கடைக்காரர் பழைய தட்டுத் தராசில் ஒரு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ தக்காளி நிறுத்தால் சரியாகவே இருக்கும், கல்லும் தக்காளியும் ஒரே அளவுக்கு லேசாகிவிடுவதால். ஸ்பிரிங் தராசு கொண்டுபோனால்தான் ஆறில் ஒரு பங்கு காட்டும்.

அல்ஜீப்ராவில் இரண்டே இரண்டு. (3 + 4)² என்பது 9 + 16 இல்லை, 49. ஏழுக்கு ஏழு டைல்ஸ் போட்ட தரையில் மூன்றுக்கு மூன்று ஒரு மூலை, நான்குக்கு நான்கு எதிர் மூலை என்று எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு டைல்ஸ் மிச்சம் கிடக்கும், அதுதான் (a + b)² = a² + 2ab + b² என்பதில் நாம் விட்டுவிடும் 2ab. அப்புறம் √16 என்றால் 4 மட்டும்தான். x² = 16 என்று கேட்டால்தான் 4, −4 இரண்டும் விடை.

கடைசியாக எனக்குப் பிடித்தது, உச்சி வெயில். அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. தினமும் பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் என்று நம்புகிறோம். பெங்களூரில் அது வருடத்துக்கு இரண்டே நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். டெல்லியில் ஒருநாளும் கிடையாது, சூரியன் நேர் மேலே வரும் வடக்கு எல்லையான கடக ரேகைக்கும் வடக்கே இருப்பதால். கோடையில் சூரியன் கிட்டே வந்துவிடுகிறது என்பதும் அதே வகை நம்பிக்கை. பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே, சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கும் சமயம். ஜூலையில்தான் 15.2 கோடிக்குப் போகிறது. பருவம் மாறுவது பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால்.

போன ஏப்ரலில், சூரியன் நேர் மேலே வரும் அந்த நாளில், நிழல் மறைவதைப் பார்க்கப் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு ஏற்றி, ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். 12 அடித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மேற்குப் பக்கம் ஒரு மெல்லிய நிழல் இன்னும் கிடந்தது. "ஏமாத்திட்டீங்களே அக்கா" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். கடிகாரத்து 12 யாருடைய 12 என்று அப்போதுதான் பேச்சு வந்தது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கம் போகும் கோடு. நாம் அதற்கு மேற்கே ஏறக்குறைய ஐந்து டிகிரி தள்ளி இருக்கிறோம், டிகிரிக்கு நான்கு நிமிடம் தாமதம். ஏப்ரல் கடைசியில் சூரியன் ஓரிரு நிமிடம் முந்தியும் வரும், அதைக் கழித்துக்கொண்டோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தையின் போனில் சென்னையிலிருந்து நாத்தனார் பையன் அனுப்பிய படம் வந்தது, நிழலே இல்லாத ஒரு சொம்பு, 12.07க்கு எடுத்தது. எங்கள் டம்ளர் தன் நிழலை முழுதாக அடியில் இழுத்துக்கொண்டபோது மணி 12.17. எழுந்துபோனவள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.