கார்டு தம்பிக்கு ஒரு நமஸ்தே

கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வாசலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடும் செக்யூரிட்டி கார்டுகளில் பலர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள், 12 மணி நேரம் நிற்கிறார்கள், அவ்வளவு நேரத்திலும் அவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் ஹாரன் சத்தம்தான். அடுத்த முறை காரின் கண்ணாடியை இறக்கி, முகத்தைப் பார்த்து "நமஸ்தே" என்று சொல்லிப் பாருங்கள்.

நான் முதல் நாள் சொன்னபோது அந்தத் தம்பி திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாருக்கோ சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. இப்போது என் கார் வளைவில் திரும்பும்போதே கை கூப்பிவிடுகிறார்.

மாமாக் கடையிலும், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையிலும், அப்படித்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு விரலை மட்டும் நீட்டாமல், ஒரு நிமிஷம் அதைக் கீழே வைத்துவிட்டு "அண்ணே, ஒரு தே தாரேக்" என்று நுரை வர ஆற்றிய பால் டீயைக் கேளுங்கள், கிளாஸ் வந்ததும் மலாயில் "தெரிமா காசே" (நன்றி) சொல்லுங்கள். நமக்கும் இதில் லாபம் உண்டு: கனடாவில் நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், காபிக் கடை ஊழியரிடம் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், மளமளவென்று வாங்கிப்போனவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

கடையில் கூட்டமாக இருந்தால் ஒரு வார்த்தை போதும், கதை பேசி அவர் வேலையைக் கெடுக்க வேண்டாம். அப்புறம், லிப்ட் பழுது, பார்க்கிங் தகராறு எதையும் கார்டு மேல் காட்டாதீர்கள், அதற்கு மேனேஜ்மென்ட் ஆபீஸ் இருக்கிறது.