மூன்றாவது படத்தை வைத்துச் சண்டை போடுங்கள்

"உலகத்திலேயே சிறந்த ட்ரைலஜி, அதாவது மூன்று பட வரிசை, எது?" என்று யாராவது கேட்டதும் உங்கள் வாயில் ஒரு பெயர் வரும். உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் பெயர் சொன்னவர் கடைசிவரை அதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்து குறை சொல்வார்கள். என் சித்தி மகன் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு "காட்பாதர்தான் அண்ணே, இதில் என்ன பேச்சு" என்பான். என் அக்கா மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மூணாவது பார்ட்டுமா?" என்பாள். அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் அவன் பேசுவதெல்லாம் முதல் இரண்டு பாகங்களைப் பற்றித்தான் இருக்கும்.

அந்த இரண்டு பாகங்களும் பிரமாதம் என்பதில் யாருக்குச் சந்தேகம்? கேள்வி அதுவே இல்லையே. இரண்டு நல்ல படங்களும் ஒரு சுமாரான படமும் சேர்ந்தால் என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி. ட்ரைலஜி விவாதம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த ஒற்றைப் படத்துக்காகச் சண்டை போடுவார்கள், அதற்கு ட்ரைலஜி என்று பெயர் வைத்துக்கொள்வார்கள்.

சரி, முறையாகச் சண்டை போடுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எதையெல்லாம் ஆட்டத்தில் சேர்ப்பது என்று பேசி முடியுங்கள். மூன்று படம் இருந்தால் ட்ரைலஜி, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் மூன்று கௌபாய் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள், 1964, 1965, 1966. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த பாத்திரத்தைப் 'பெயரில்லாத மனிதன்' என்று கொண்டாடுகிறோம். ஆனால் படத்துக்குப் படம் அவரை ஏதோ ஒரு பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் 'பெயரில்லாத மனிதன்' அமெரிக்காவில் படத்தை விற்றவர்களின் விளம்பர யோசனை. இன்னொரு நடிகர் லீ வான் கிளீஃப் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வேறு வேறு ஆள். முதல் படத்தில் செத்துப்போன வில்லன் நடிகர் இரண்டாவதில் இன்னொரு வில்லனாக வந்து மறுபடியும் சாகிறார். இது ஒரே கதையா, ஒரே ஆளா? மூன்றாவது படத்தின் முடிவை நெருங்கும்போது, செத்துக்கொண்டிருக்கும் ஒரு சிப்பாய்க்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு, அங்கே கிடக்கும் போன்சோவை (தலை வழியாக மாட்டும் போர்வை) எடுத்து மாட்டிக்கொள்கிறார் ஈஸ்ட்வுட். முதல் இரண்டு படங்களிலும் அவர் போட்டிருந்த அதே போன்சோ. ஆக, கடைசியில் வந்த படம்தான் கதையில் முதலில் நடக்கிறது. வசனமே இல்லாமல், ஒரு துணியை வைத்து மூன்றையும் முடிச்சுப் போட்டுவிட்டார் லியோனே. எனக்கு இது போதும், சேர்த்துக்கொள்வேன்.

ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் கோக்கர் கிராமத்துப் படங்கள் (1987, 1992, 1994) இன்னும் வம்பு. அவற்றை ட்ரைலஜி ஆக்கியவர்கள் விமர்சகர்கள்; அவர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் முதல் படத்தில் நடித்த சிறுவர்கள் 1990 நிலநடுக்கத்துக்குப் பிறகு உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போகும் இயக்குநரின் கதை இரண்டாவது படம். அந்த இரண்டாவது படத்தின் ஒரு காட்சியை எடுக்கும்போது நடப்பது மூன்றாவது. இதைவிட நெருக்கமாக மூன்று படங்களைப் பிணைக்க முடியுமா என்ன? எடுத்தவர் மறுத்தாலும் நான் சேர்ப்பேன். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் மூன்று நோரிகோ படங்களை மட்டும் சேர்க்க மாட்டேன். நடிகை செட்சுகோ ஹாராவின் பெயர் மூன்றிலும் நோரிகோதான், ஆனால் மூன்றும் வேறு வேறு பெண்கள். தனித்தனியாகப் பார்த்தாலே அவை மலை மாதிரி நிற்கும், ட்ரைலஜி என்ற பட்டம் அவற்றுக்குத் தேவையே இல்லை.

நான்காவது படம் வந்துவிட்டால் தகுதி போச்சு என்று சட்டம் பேசுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு கறார் இல்லை. மூன்றாவது படத்திலேயே கதை முடிந்ததா என்று மட்டும் பார்ப்பேன். டாய் ஸ்டோரி மூன்றாம் பாகத்தில் (2010) ஆண்டி என்ற பையன் தன் பொம்மைகளை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்து, கடைசியாக ஒரு முறை அவளோடு விளையாடிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்புகிறான். கதை அங்கே முடிந்துவிட்டது. 2019இல் இன்னொன்று எடுத்தார்கள் என்பதற்காக அந்த முடிவு செல்லாது என்று ஆகிவிடுமா?

அப்புறம் எந்த வடிவம் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஸ்டார் வார்ஸ் என்றால் 1977இல் வந்ததா, 1997இல் இயக்குநர் லூகாஸ் திருத்தி வெளியிட்டதா? காட்பாதர் மூன்று என்றால் 1990இல் வந்ததா, 2020இல் இயக்குநர் கொப்பலா மறுபடியும் வெட்டி ஒட்டியதா? லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் என்றால் தியேட்டர் பிரதியா, நீட்டிய பிரதியா? இதை விட்டுவிட்டால் ஆளுக்கொரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

வசூலையும் விருதையும் சாட்சிக்கு அழைக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். என் அக்கா மகளுக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அவள் கட்சியான லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் மூன்றாம் பாகம் 'ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' 11 பரிந்துரைகளுக்கு 11 ஆஸ்கரையும் அள்ளியது. ஆனால் ஆஸ்கர் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். எல்லாரும் திட்டித் தீர்க்கும் காட்பாதர் மூன்றாம் பாகத்துக்குக்கூட சிறந்த படம் உட்பட 7 பரிந்துரைகள் கிடைத்தன. அதை ஏற்றுக்கொள்வாளா அவள்?

இப்போது உண்மையான சோதனை. யார் எந்த ட்ரைலஜியைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்றாவது படம் எடுக்கப்படவே இல்லை என்றால் முதல் இரண்டில் என்ன குறையும்? மூன்றாவதைப் பார்த்த பிறகு, முதல் படத்தின் எந்தக் காட்சி உங்களுக்கு வேறு மாதிரி ஆனது? இரண்டாவது கேள்விக்குக் காட்சியைச் சொல்லித்தான் பதில் வர வேண்டும். "மொத்தமா ஒரு ஃபீல் அண்ணே" என்பதெல்லாம் பதில் இல்லை.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறும். முதல் படத்தில் மோரியா சுரங்க இருட்டில், மோதிரத்துக்காக அலையும் கொல்லம் என்ற ஜந்துவை, வாய்ப்பு கிடைத்தபோதே தன் உறவினர் பில்போ கொன்றிருக்கலாம் என்று நாயகன் ஃப்ரோடோ அலுத்துக்கொள்கிறான். அந்த இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கலாம் என்கிறார் மந்திரவாதி காண்டால்ஃப். முதல் தடவை பார்க்கும்போது இது ஏதோ பெரியவர் சொல்லும் புத்திமதி. மூன்றாவது படத்தில் எரிமலை விளிம்பில் ஃப்ரோடோவே தான் அழிக்க வந்த மோதிரத்தை விட மனமில்லாமல் விரலில் மாட்டிக்கொள்கிறான். கொல்லம் அவன் விரலைக் கடித்துப் பறித்துக்கொண்டு, அதோடு நெருப்பில் விழுகிறான். கொல்லம் உயிரோடு இல்லாவிட்டால் மோதிரம் அழிந்திருக்காது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் மோரியா காட்சிக்குப் போங்கள், காண்டால்ஃபின் குரலே வேறு மாதிரி கேட்கும்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது: மூன்றையும் சேர்த்தே படமாக்கினார்கள், இது மூன்றாக அறுத்த ஒரே படம். என் சித்தி மகனின் பிரம்மாஸ்திரம் இதுதான். இதற்குப் பதில், சேர்த்து எடுத்ததால்தான் மூன்றாவது பாகத்துக்குத் தேவையானதை முதல் பாகத்திலேயே ஊன்ற முடிந்தது என்பது. ஆனால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாவது படத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அது எங்கேயும் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை.

காட்பாதர் கட்சிக்காரர்கள் இந்தச் சோதனைக்குப் பயப்படத் தேவையில்லை. மூன்றாவது பாகத்தை ஒளித்து வைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் தப்பு. எடுத்து முன்னால் வையுங்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் மாஃபியா தலைவன் மைக்கேல் தன் சொந்த அண்ணன் ஃப்ரெடோவைக் கொல்லச் சொல்கிறான், முகத்தில் ஒரு சலனமில்லை. மூன்றாவதில் வயதாகி, சர்க்கரை நோயோடு, ஒரு பாதிரியார் முன்னால் பாவமன்னிப்புக் கேட்கும்போது அதைச் சொல்லி உடைந்து அழுகிறான். அந்த அழுகையைப் பார்த்த பிறகு இரண்டாம் பாகத்தில் ஏரியைப் பார்த்து நிற்கும் மைக்கேலின் மௌனம் வெறும் கல்நெஞ்சமாகத் தெரியாது. கடைசியில் ஓபரா அரங்கின் படிக்கட்டில் மகள் செத்துக் கிடக்கும்போது மைக்கேலாக நடித்த அல் பசினோ வாயைத் திறந்து அலறுகிறார், முதலில் சத்தமே வருவதில்லை. இந்த இரண்டு காட்சியையும் சொல்லத் தெரிந்தவன் காட்பாதருக்காகப் பேசலாம். என் சித்தி மகனுக்கு இன்னும் தெரியாது, நானும் சொல்லிக்கொடுப்பதாக இல்லை.

பேட்மேன் ட்ரைலஜியைச் (2005, 2008, 2012) சொல்பவர்களிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: இரண்டாவது படத்து வில்லன் ஜோக்கரைப் பற்றிப் பேசாமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பெரும்பாலும் முடியாது. 'பேக் டு த ஃப்யூச்சர்' ரசிகர்களைக் கொஞ்சம் மரியாதையாக நடத்துங்கள். இரண்டாவது படத்தில் காலப்பயணத்தால் முதல் படத்தின் நடன நிகழ்ச்சிக்குள்ளேயே புகுந்து, மேடையில் கிட்டார் வாசிக்கும் தன்னையே நாயகன் மார்ட்டி ஒளிந்திருந்து பார்க்கும்படி செய்தார்கள். பழைய படத்தைத் தொடாமல் அதைத் திருத்தி எழுதிய வேலை அது.

'பிஃபோர்' படங்களுக்கு (1995, 2004, 2013) யாராலும் போலி செய்ய முடியாத ஒரு பலம் இருக்கிறது. ஒன்பது ஒன்பது வருட இடைவெளியில் அதே நடிகர் ஈதன் ஹாக், அதே நடிகை ஜூலி டெல்பி. முகத்தில் விழுந்த கோடு மேக்கப் இல்லை.

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'த்ரீ கலர்ஸ்' படங்களில் (1993–94) மூன்று கதை, மூன்று நாயகர்கள். இது எப்படி ட்ரைலஜி என்று கேட்பவரிடம் பாட்டில் காட்சியைச் சொல்லுங்கள். மூன்று படத்திலும் கூன் விழுந்த ஒரு வயதானவர் மறுசுழற்சித் தொட்டியின் ஓட்டைக்குள் ஒரு பாட்டிலைப் போட முயல்கிறார், எட்டவில்லை. நீலப் படத்தில் ஜூலி வெயிலுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள், பார்ப்பதேயில்லை. வெள்ளைப் படத்தில் பாரிஸ் தெருவில் நாதியற்றுக் கிடக்கும் கரோல் பார்க்கிறான், என்னைவிட மோசமான நிலையில் ஒருவராவது இருக்கிறாரே என்பதுபோலக் கோணலாகச் சிரிக்கிறான். சிவப்புப் படத்தில் வாலன்டீன் நடந்து போய், பாட்டிலை உள்ளே தள்ளிவிடுகிறாள். சில விநாடிகளில் முடிந்துவிடும் விஷயம். ஆனால் மூன்றாவதைப் பார்க்காமல் முதல் படத்து மூதாட்டிக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நான் வைத்த இரண்டு கேள்விக்கும் இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவு பேசிய நான் யார் கட்சி என்று கேட்பீர்கள். சத்யஜித் ராயின் அபு படங்கள் (1955, 1956, 1959). ரயிலை மட்டும் தொடர்ந்து பாருங்கள், காரணம் புரியும். 'பதேர் பாஞ்சாலி'யில் வெள்ளை நாணல் பூக்களுக்கு நடுவே ஓடி அபு ரயிலைப் பார்க்கிறான், அது ஆச்சரியம். 'அபராஜிதோ'வில் அதே ரயில் அவனைப் படிக்கக் கூட்டிப்போகிறது. ரயில் சத்தம் கேட்கும் திசையைப் பார்த்தபடி அம்மா அவனுக்காகக் காத்திருந்து தேய்கிறாள். 'அபுர் சன்சார்' படத்தில் மனைவி இறந்த பிறகு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய்ச் சாக நினைத்து நிற்கிறான். கடைசியில், பார்க்கவே மறுத்திருந்த மகனுக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கி வருகிறான். பையன் அதைத் தூக்கி எறிகிறான். பதேர் பாஞ்சாலியில் அந்த ரயிலை இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

என்னைத் தாக்க வேண்டுமா, இப்படித் தாக்குங்கள்: இது திட்டமிட்ட ட்ரைலஜியே இல்லை, இரண்டாவது படம் உள்ளூரில் சரியாக ஓடவில்லை, ராய் நடுவில் வேறு படங்கள் எடுக்கப் போய்விட்டார், அபுவாக நடித்தவர்களே நான்கு பேர். எல்லாம் உண்மை. இதில் கடைசி ஒன்றுக்குத்தான் நான் கொஞ்சம் திணறுவேன்.

மூன்று பாகத்தையும் முழுதாகப் பார்க்காதவர் அந்த ட்ரைலஜியைத் திட்டக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். பாராட்டவும் கூடாது. வீட்டுப்பாடம் கொடுப்பதாக இருந்தால் நேரத்தைப் பார்த்துக் கொடுங்கள். த்ரீ கலர்ஸ், பிஃபோர் இரண்டும் தலா ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். அபு ஆறு மணி நேரத்துக்குள். காட்பாதர் ஒன்பது மணி நேரத்தை ஒட்டி வரும். ஜப்பானிய இயக்குநர் கோபயாஷியின் 'ஹியூமன் கண்டிஷன்' ஒன்பதரை மணி நேரத்தையும் தாண்டும். அதைச் சிபாரிசு செய்பவர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முடிவை எட்ட ஓட்டுப் போடுங்கள், ஆனால் ஒற்றை ஓட்டு வேண்டாம். ஆளுக்கு மூன்று பெயரை வரிசையாகச் சீட்டில் எழுதட்டும். முதல் இடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து ஒன்று. எங்கள் மூவருக்குள் இப்படித்தான் நடந்தது. ஆளாளுக்குத் தன் கட்சிக்கு மூன்று புள்ளி போட்டோம், மூவருமே இரண்டாம் இடத்தில் த்ரீ கலர்ஸ் எழுதியிருந்தோம். ஆறு புள்ளியோடு அதுதான் ஜெயித்தது. மூன்று சீட்டுக்கு மறு எண்ணிக்கை கேட்டான் சித்தி மகன்.