கடற்படைக் கப்பல்களின் தபால் முத்திரைகளையும் உறைகளையும் சேகரிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

என் பெரியப்பா 1960களில் பழைய ஐ.என்.எஸ். விக்ராந்தில் மாலுமியாக இருந்தார். கும்பகோணத்தில் இருந்த பாட்டிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. பள்ளி நாட்களில் அஞ்சல்தலை சேர்க்கும் ஆர்வத்தில் அந்த உறைகளிலிருந்து தலைகளைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு, உறைகளை எறிந்துவிட்டேன். அந்த இழப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது. எஞ்சியவை நான்கு உறைகள். மும்பைக்குக் குடிவந்து செம்பூரில் வசிக்கத் தொடங்கிய பிறகு, அந்த நான்கையும் புரிந்துகொள்வதற்காகவே இந்தச் சேகரிப்பில் இறங்கினேன். ஆகவே முதல் படி இதுதான்: உறையை முழுதாக வைத்திருங்கள். தலை, முத்திரை, அனுப்புநர் முகவரி, பின்புறத்தில் விழுந்த முத்திரை, உள்ளே கடிதம் இருந்தால் அந்தக் கடிதம் ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் அது சான்றாகும்.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் உறவினர் வீடுகளில் கேளுங்கள். மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள மாட்டுங்கா, சயான், டோம்பிவிலி பகுதிகளில் கடற்படையிலோ கப்பல் கட்டும் தளத்திலோ பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர்கள் உள்ள குடும்பங்களில், பழைய கடிதங்கள் பரணில் கிடக்க வாய்ப்பு உண்டு. அடுத்து, சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) ரயில் நிலையத்திற்கு அருகிலுள்ள தலைமைத் தபால் நிலையத்தின் அஞ்சல்தலைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பீஜப்பூர் கோல் கும்பஸை நினைவூட்டும் பெரிய குவிமாடம் கொண்ட, 1913இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. சிறப்பு உறைகளும் புதிய தலைகளும் அங்கே கிடைக்கும். டிசம்பர் 4 கடற்படை நாளாதலால், அன்று தலை ஒட்டிய உறையை நேரில் கொண்டுபோய்க் கையால் முத்திரையிடச் சொல்லி வாங்குவது தொடக்கநிலையினருக்கு நல்ல பயிற்சி. இயந்திர முத்திரை மங்கலாக விழும். கைமுத்திரையே எனக்குப் பிடித்தது.

முத்திரையை வாசிப்பது

நான் தடுமாறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃபோர்ட் பகுதி நடைபாதைக் கடை ஒன்றில், விக்ராந்தின் படம் அச்சிட்ட அழகான உறை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அதன் கீழே "விக்ராந்த் முத்திரை" என்று எழுதி இரண்டு ஆண்டுகள் ஆல்பத்தில் வைத்திருந்தேன். மூத்த சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த உறை எப்போது கப்பலுக்குள் போனது?" என்று கேட்டார். அது கப்பலுக்குள் போகவே இல்லை. படம் அச்சகத்தில் போட்டது. முத்திரை நகரத் தபால் நிலையத்தில் விழுந்தது.

தபால் முத்திரை சொல்வது இரண்டு செய்திகளைத்தான்: எந்தத் தபால் நிலையம், எந்தத் தேதி. உறையின் இடப்பக்கத்தில் அலங்காரமாக இருக்கும் படமோ சின்னமோ, சேகரிப்பாளர்கள் கேஷே என்று சொல்வது, யார் வேண்டுமானாலும் அச்சிடக்கூடியது. நம் நாட்டுப் போர்க்கப்பல்களுக்கான கடிதங்கள் கப்பலின் பெயருடன் "ஃப்ளீட் மெயில் ஆபீஸ், மும்பை" (கடற்படைத் தபால் அலுவலகம்) என்பது போன்ற முகவரிக்கே செல்கின்றன. படைத்துறைத் தபால் முத்திரையில் 56 ஏபிஓ, 99 ஏபிஓ (ஏபிஓ என்பது படை அஞ்சலகம்) என்றோ, கள அஞ்சலகத்தின் எண்ணோ இருக்கும். கப்பலின் பெயர் இருக்காது. ஆகவே கப்பலை நிரூபிப்பது உறையிலுள்ள மற்றவை: அனுப்புநரின் பெயர், பதவி, கப்பல் முகவரி, கப்பல் அலுவலகத்தின் ரப்பர் முத்திரை. என் பெரியப்பாவின் உறையில் முத்திரை பம்பாய் என்று மட்டுமே சொல்கிறது; பின்புறம் அவர் கையெழுத்தில் உள்ள "ஐ.என்.எஸ். விக்ராந்த்" என்ற ஒரு வரியே அதைக் கப்பல் உறையாக்குகிறது. படம் எதுவும் இல்லாத அந்தச் சாதாரண உறை, நான் விலை கொடுத்து வாங்கிய வண்ண உறையைவிடப் பல மடங்கு மதிப்புடையது என்பதே என் கருத்து.

வெளிநாட்டு உறைகளிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். முதல் உலகப் போர்க் கால ஜெர்மானியக் கப்பல்களின் முத்திரைகளில் "மரீன் ஷிஃப்ஸ்போஸ்ட்" (கடற்படைக் கப்பல் தபால்) என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும்; எந்த எண் எந்தக் காலத்தில் எந்தக் கப்பலுக்குரியது என்பதை அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கி, நம் பேச்சில் "எம்டன்" என்ற சொல்லாகவே நிலைத்துவிட்ட கப்பலின் உறை என்று யாராவது விற்றால், முதலில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். பிறகு தேதி அதே ஆண்டு நவம்பர் 9க்கு முந்தையதா என்று பாருங்கள். அன்று கோகோஸ் தீவுகளில், ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியுடன் நடந்த சண்டையில் எம்டனின் கதை முடிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களின் கடிதங்கள் "மாரிடைம் மெயில்" (கடல்சார் தபால்) என்ற பொது முத்திரையைப் பெற்றன. அமெரிக்கக் கப்பல்களுக்குள் 1908 முதல் தபால் நிலையங்கள் இயங்கியதால், போருக்கு முந்தைய அவற்றின் முத்திரைகளில் கப்பலின் பெயரே இருக்கும், படிப்பதற்கு எளிது. போர் தொடங்கிய பின் தணிக்கைக்காகப் பெயர்கள் நீக்கப்பட்டன. ஆகவே 1943ஆம் ஆண்டுத் தேதியோடு கப்பல் பெயரும் தெளிவாக உள்ள அமெரிக்க முத்திரையைக் கண்டால் வாங்குவதை ஒத்திப்போடுங்கள்.

தேதியைக் கப்பலின் ஆயுளோடு பொருத்துவது

இந்தியக் கடற்படையில் ஒரே பெயர் மீண்டும் சூட்டப்படுவதால் குழப்பம் நேரும். பழைய விக்ராந்த் 1961 மார்ச் 4 முதல் 1997 ஜனவரி 31 வரை பணியில் இருந்தது. பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, இறுதியில் இங்கேயே உடைக்கப்பட்டது. புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் பணியில் சேர்ந்தது. ஆகவே 2005ஆம் ஆண்டுத் தேதியுள்ள விக்ராந்த் உறை அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததாகவே இருக்க முடியும். முதல் ஐ.என்.எஸ். குக்ரி 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே மூழ்கியது. அதே பெயருடைய அடுத்த கப்பல் 1989இல் வந்தது. ஐ.என்.எஸ். விராட் பணியில் இருந்த காலத்துக்கு 1987 மே 12, 2017 மார்ச் 6 ஆகிய இரு தேதிகளே எல்லை. இத்தகைய தேதிகளை ஒரு நோட்டில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். கடையில் நிற்கும்போது கைப்பேசியில் தேடுவதைவிட இது விரைவு.

கடிதம் எழுதிப் பெறுவது

கப்பலின் முத்திரை பதித்த உறையைக் கேட்டுப் பெற, அருங்காட்சியகமாக நிற்கும் கப்பல்களுக்கு எழுதுவதையே நான் பரிந்துரைக்கிறேன். சுருக்கமான, மரியாதையான ஒரு கடிதம், உங்கள் முகவரி எழுதித் தலை ஒட்டிய பதிலுறை, பதிலுறைக்குள் கெட்டியான ஓர் அட்டை ஆகியவை போதும். அட்டை இருந்தால் உறை மடங்காது. முத்திரையும் சமமாகப் பதியும். வெளிநாட்டுக் கப்பலானால், பதிலுறையில் அந்த நாட்டுத் தலைதான் ஒட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நான் இந்தியத் தலை ஒட்டி அனுப்பிய முதல் மூன்று பதிலுறைகளும் திரும்பி வரவில்லை. அமெரிக்காவுக்கு, அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்பப் பயன்படும் "குளோபல் ஃபாரெவர்" தலையை அங்குள்ள உறவினர் மூலம் வாங்கிக்கொள்வது எளிது. பணியில் உள்ள போர்க்கப்பலுக்கு எழுதினால், அது எங்கே இருக்கிறது, எப்போது திரும்பும் என்று எந்த நிலையிலும் கேட்காதீர்கள். துறைமுக வாயிலில் நின்று மாலுமிகளிடம் உறை கொடுப்பதும் கூடாது. பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களுக்கு அது வீண் தொல்லை.

பரிசோதனைக் கருவிகளும் பாதுகாப்பும்

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கியும் ஒரு புற ஊதா விளக்கும் வாங்குங்கள். இதைவிட விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. காகிதத்தில் வெண்மையூட்டும் பொருள் சேர்ப்பது 1950ஆம் ஆண்டு வாக்கில்தான் பரவியது. ஆகவே 1930களின் உறை என்று விற்கப்படுவது அந்த விளக்கில் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அதை வாங்காதீர்கள். குறிப்புகளை மென்மையான பென்சிலால், பாதுகாப்பு உறைக்குள் வைக்கும் தனிச்சீட்டில் எழுதுங்கள். பி.வி.சி. உறைகள் மலிவானவை என்றாலும், நாளடைவில் காகிதத்தையும் மையையும் கெடுத்துவிடும். பாலியஸ்டர் உறைகளையே வாங்குங்கள்.

பின்சேர்க்கை

இக்குறிப்பின் முதல் வடிவைப் படித்த இரு வாசகர்கள், மழைக்காலத்தில் பழைய உறைகளின் மடிப்புகள் தாமே ஒட்டிக்கொண்டதாகவும், கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் பிரிக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். ஆவி வேண்டாம், முத்திரை மையும் பேனா மையும் கசிந்துவிடும். மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சை வைத்து, அதற்கு மேல் சல்லடை போட்டு, உறை ஈரத்தைத் தொடாதவாறு சில மணி நேரம் வையுங்கள். அவ்வப்போது திறந்து பார்த்து, பசை தளர்ந்ததும் தட்டையான எலும்புக் கத்தியால் மெதுவாகப் பிரித்து, இரு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே கனமான புத்தகத்தின் கீழ் உலரவிடுங்கள். முகவரி ஊற்றுப் பேனாவால் எழுதப்பட்டிருந்தால் இதையும் செய்யாதீர்கள். என் பெரியப்பாவின் நான்கு உறைகளில் ஒன்று அப்படித்தான் ஒட்டிக்கிடக்கிறது. உள்ளே கடிதம் இருப்பது விளக்கொளியில் தெரிகிறது. அதை நான் திறக்கவில்லை.