விண்டோ திறக்கும்போது வெள்ளையடிப்பது யார்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். தராசிலிருந்து எடையை நேராக வாங்கி, டச்சு (வெள்ளியின் தரம்), சேதாரம், கூலி எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டும். கம்ப்யூட்டர் இருப்பது வெளிச்சம் குறைந்த சின்ன அறை. வெள்ளைத் திரையைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்று முதலாளி சொன்னதால் திரை முழுக்கக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றினேன். மறுநாளே போன் வந்தது.

"ஏனுங்க தம்பி, பில்லத் தொறந்தா வெல்டிங் வெக்கிற மாதிரி பளிச்சுங்குது. கண்ணு கூசுதுங்க."

"உங்க சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோங்கண்ணா" என்று சமாளித்தேன். நம்மில் பலர் முதலில் செய்கிற தவறு இதுதான். இந்த மினுக்கல் வருவது மெஷின் மெதுவாக இருப்பதால் அல்ல. ஒரே இடத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து பெயின்ட் அடிக்கிறார்கள். வேகமான மெஷினில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தப்பிவிடுகிறது, பழைய மெஷினில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். என் லேப்டாப்பிலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பார்த்தேன். விநாடிக்கு 240 படம் எடுக்கிற கேமரா. திரையோ விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது, அதாவது ஒரு முறைக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட். ஆக, திரையின் ஒவ்வொரு மாற்றமும் வீடியோவில் நான்கு படங்களாக நின்று தெரியும். முதலில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம். அதில் டெக்ஸ்ட் பாக்ஸ் இருக்க வேண்டிய இடங்களில் வெள்ளை ஓட்டைகள். பிறகு பின்னணி கறுப்பானது. ஓட்டைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. கடைசியில் அட்டவணை வந்து உட்கார்ந்தது. தட்டுவடை செட் போடுகிறவர் தட்டு, சட்னி, கேரட், பீட்ரூட் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பாரே, அதே வரிசை. கடையில் அதைப் பார்க்க நன்றாக இருக்கும். பில்லிங் திரையில் இல்லை.

இந்தக் கோளாறு வந்தால் நிரலைத் தொடுவதற்கு முன் இப்படி ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். மினுக்கல் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் மூன்று நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் மருந்து தேடினால் என்னைப்போல் ஒரு வாரம் போகும்.

முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் பெயின்ட்

விண்டோஸில் ஒரு விண்டோ கிளாஸை, அதாவது விண்டோவுக்கான அச்சை, பதிவு செய்யும்போது பின்னணியைப் பூசுவதற்கான பிரஷ் ஒன்றைக் கொடுக்கிறோம். பெரும்பாலோர் எடுத்துக்காட்டு நிரலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவதால் அது வெள்ளையாகவே இருக்கும். விண்டோவைக் காட்டு என்று சொன்ன உடனே, பின்னணியை அழி என்று சொல்லும் டபிள்யூஎம் இரேஸ்பேக்கிரவுண்ட் என்கிற மெசேஜ் வந்து, அந்த பிரஷ்ஷால் முழு இடத்தையும் பூசிவிடும். நாம் வரைவதற்கான டபிள்யூஎம் பெயின்ட் மெசேஜோ வரிசையில் கடைசி ஆள். க்யூவில் வேறு மெசேஜ் எதுவும் காத்திருக்காதபோதுதான் அதற்கு முறை வரும். பூசுவது உடனே, வரைவது சாவகாசமாக. இந்த இரண்டுக்கும் நடுவில் டேட்டாபேஸைத் திறந்து பழைய பாக்கிக் கணக்கை எடுத்துக்கொண்டிருந்தால் அரை விநாடி வெள்ளைச் சுவரைத்தான் வாடிக்கையாளர் பார்ப்பார்.

இதற்கு எளிய வழி, பிரஷ்ஷின் நிறத்தையே நம் பின்னணி நிறமாக வைப்பது. கறுப்புத் திரை என்றால் சுண்ணாம்பையும் கறுப்பாக அடித்துவிடு. பெரும்பாலான புரோகிராம்களுக்கு இதுவே போதும், ஆனால் ஏனோ இதை யாரும் முதலில் செய்வதில்லை.

இன்னொரு வழியில் பிரஷ்ஷைக் காலியாக விட்டு, இரேஸ் மெசேஜுக்குப் பூஜ்யமல்லாத எண்ணைத் திருப்பிக் கொடுப்பார்கள். 'அழித்தாயிற்று, நீ கை வைக்காதே' என்று அர்த்தம். அப்படிச் சொல்லிவிட்டால் விண்டோவின் ஒவ்வொரு பிக்சலையும் பெயின்ட்டில் நாமே வரைய வேண்டும். பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். மினுக்கல் போய்விடும், ஆனால் ஓரங்களில் கறுப்புத் திட்டோ பழைய படத்தின் மிச்சமோ ஒட்டிக்கொண்டு நிற்கும். க்யூட்டி என்ற விண்டோ செய்யும் நிரல் தொகுப்பில் ஓபேக் பெயின்ட் ஈவென்ட் என்ற குணத்தைப் போடுகிறவர்களுக்கும் இதே ஒப்பந்தம்தான். லினக்ஸ் பக்கம் எக்ஸ் விண்டோ முறையிலும் கதை மாறுவதில்லை. விண்டோ திரைக்கு வந்ததும், திரையைக் கவனிக்கும் சர்வர் என்ற புரோகிராமே பின்னணியைப் பூசிவிடும். வரையச் சொல்லும் எக்ஸ்போஸ் ஈவென்ட் நம் கைக்கு வருவது அதற்குப் பிறகு.

என் புரோகிராமில் நடந்தது இதைவிட அசடுத்தனம். வின்ஃபார்ம்ஸில் (மைக்ரோசாஃப்ட்டின் விண்டோ செய்யும் நிரல் தொகுப்பு), கறுப்பு நிறத்தைப் பூசும் வேலையை ஷோன் ஈவென்ட்டில் வைத்திருந்தேன். ஃபார்ம், அதாவது விண்டோ, திரைக்கு வந்த பிறகு வருகிற ஈவென்ட் அது. எனவே முதலில் ஃபார்மின் சொந்த வெளிர் சாம்பல், டெக்ஸ்ட் பாக்ஸ்களின் வெள்ளை, அதன்பிறகே என் கறுப்பு. அந்த ஒரு வரியை கன்ஸ்ட்ரக்டருக்கு, அதாவது ஃபார்ம் உருவாகும் இடத்துக்கே, ஏற்றியதும் முக்கால்வாசிக் கோளாறு போய்விட்டது.

டபுள் பஃபரிங் என்னும் சர்வரோக நிவாரணி

ஆனால் அந்த வரி என் கண்ணில் பட்டது நான்காம் நாள். அதுவரை எல்லோரும் சொல்கிற மருந்தைத்தான் தின்றுகொண்டிருந்தேன். 'மினுக்குதா? டபுள் பஃபரிங் போடு.' ஃபார்மில் டபுள் பஃபர்டு என்பதை ட்ரூ ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

காரணம் இரண்டு. ஒன்று, டபுள் பஃபரிங் செய்வது படத்தை மறைவில் வரைந்து முடித்து ஒரே வீச்சில் திரையில் ஒட்டுவது. வரைவதற்கு முன்பே தவறான நிறம் திரைக்கு வந்துவிட்டால் அது என்ன செய்யும்? இரண்டு, ஃபார்மில் போட்டது ஃபார்முக்கு மட்டும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பட்டனும் டெக்ஸ்ட் பாக்ஸும் தனித்தனி விண்டோ. தன்னைத் தானே, தன் முறை வரும்போது வரைந்துகொள்ளும். ஓட்டைகள் ஒவ்வொன்றாக நிரம்பியது அதனால்தான்.

அடுத்து, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த காம்போசிட்டட் ஸ்டைலைப் போட்டுப் பார்த்தேன். தாய் விண்டோவையும் குழந்தைகளையும் சேர்த்து மறைவில் வரையச் சொல்லும் ஸ்டைல் அது. திறக்கும்போது ஒரே மூச்சில் திறந்தது, சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் பழைய மெஷினில் பட்டியலை உருட்டினால் ஜவ்வாக இழுத்தது. எடுத்துவிட்டேன். கடைசியில் உதவியது, ஃபார்மில் இருந்த அறுபது லேபிளைத் தூக்கிவிட்டு, அவ்வளவு எழுத்தையும் ஒரே பேனலில் நானே வரைந்தது. அங்கேதான் டபுள் பஃபரிங் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தராசு எடை விநாடிக்கு ஐந்து முறை மாறும் கட்டத்திலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு எழுது என்று சொல்லாமல், புது எண்ணைப் பின்னணியோடு சேர்த்து மறைவில் வரைந்து ஒட்டினால் எண் துடிக்காது.

விண்டோவில் வரைவதை நிறுத்திவைக்கும் லாக் விண்டோ அப்டேட்டை மட்டும் இதற்குக் கையில் எடுக்காதீர்கள். மொத்த சிஸ்டத்திலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விண்டோவைத்தான் அதனால் பூட்ட முடியும். இழுத்து நகர்த்தும் வேலைக்காக வந்தது அது.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொரு விண்டோவையும் தனிப் பரப்பில் வாங்கி, சேர்த்துத் திரைக்கு அனுப்புகிறது, உண்மை. ஆனால் நாம் வரைந்தது பாதியா முழுசா என்று அதற்கு எப்படித் தெரியும்? பாதியைக் கொடுத்தால் பாதியைக் காட்டும்.

இலை போடாமல் பந்திக்குக் கூப்பிடுவது

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கு, பழம் பறிக்கிறவர்களின் எடைக்கணக்கு புரோகிராமை எலக்ட்ரானில் (வெப் பக்கத்தை டெஸ்க்டாப் புரோகிராமாக்கும் கருவி) செய்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் நிறுவித் திறந்தால், அங்கேயும் பளிச். எலக்ட்ரானில் விண்டோவுக்கு நிறம் சொல்லாவிட்டால் அது வெள்ளை. உள்ளே பக்கம் ஏறி, ஸ்டைல் படிக்கப்படும் வரை அந்த வெள்ளைதான் காட்சி. பக்கத்தின் ஸ்டைலைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் கறுப்பு எழுதியிருக்கிறேனே என்று நினைப்பதுதான் தவறு, ஏனென்றால் சிஎஸ்எஸ் வருவதே பிறகு. விண்டோவை உருவாக்கும்போதே பேக்கிரவுண்ட் கலர் சொல்ல வேண்டும். ஷோ என்பதை ஃபால்ஸ் ஆக வைத்து, ரெடி டு ஷோ ஈவென்ட் வந்த பிறகு காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று விடாமல் இரண்டையும் செய்யுங்கள்.

மற்ற இடங்களிலும் இதே ஒழுங்குதான். பைத்தானின் டிகின்டரில் முதலில் வித்ட்ரா செய்து மறைத்துவிட்டு, கன்ட்ரோல்களை அடுக்கி, அப்டேட் ஐடில்டாஸ்க்ஸை ஓட்டி, இடத்தையும் அளவையும் சொல்லி, பிறகு டீஐகானிஃபை செய்து காட்ட வேண்டும். ஜாவா ஸ்விங்கில் அளவுக்கு பேக், பிறகு இடம், கடைசி வரியாகக் காட்டுவதற்கான செட்விசிபிள். திரைக்கு வந்த பிறகு நடுவுக்கு நகர்த்துவது, வந்த பிறகு மேக்சிமைஸ் செய்வது, இவை நிறப் பிரச்சினை இல்லாமலே ஒரு குதியலைக் காட்டிவிடும். க்யூட்டியில் தாய் விண்டோ இல்லாத விட்ஜெட்டில் (பட்டன் போன்ற திரைப் பகுதி) அவசரப்பட்டு ஷோ கூப்பிட்டால், லேஅவுட்டில் சேர்வதற்குள் அது தனி விண்டோவாகத் திரையில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். இந்தப் பேயைத் தேடி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஞானமெல்லாம் வந்த கையோடு, பட்டறை புரோகிராமில் டேட்டா முழுக்க வந்த பிறகே விண்டோவைக் காட்டுவது என்று மாற்றினேன். ஒரு மினுக்கலும் இல்லை. இரண்டு நாளில் போன்.

"தம்பி, தொறக்குதா இல்லீங்களான்னே தெரியல. நாலு வாட்டி தட்டினா நாலு பில்லு வந்து நிக்குதுங்க."

அவர் மெஷினில் டேட்டா வர மூன்று விநாடி. அவ்வளவு நேரம் திரையில் ஒன்றுமே இல்லையென்றால் யாரும் மறுபடி தட்டத்தான் செய்வார்கள். மறைத்து வைக்க வேண்டியது நிறமும் அளவும் இடமும் தயாராகும் வரை மட்டும். டேட்டாவுக்காகக் காத்திருக்கக் கூடாது. எனவே கறுப்புப் பின்னணியும் தலைப்பு வரியும் உடனே வரும்படி வைத்தேன். கணக்கு வேறொரு திரெட்டில் (பின்னால் தனியாக ஓடும் வேலை) ஏறி முடிந்ததும், வரைவதை நிறுத்தச் சொல்லும் பிகின் அப்டேட்டுக்கும் மறுபடி வரையச் சொல்லும் எண்ட் அப்டேட்டுக்கும் நடுவில் பட்டியல் ஒரே தடவையாக நிரம்பும். இரண்டாவது முறை தட்டினால் ஏற்கெனவே திறந்திருப்பதையே முன்னால் கொண்டுவரும்படியும் செய்தேன்.

நேரில் போய், அவர் மேசையிலேயே போனை நிறுத்தி மறுபடி வீடியோ எடுத்தேன். கறுப்பு, அதன்மேல் தலைப்பு, பிறகு எண்கள். எங்கும் வெள்ளை இல்லை. பெருமையாக அவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சுக் குடுங்க தம்பி" என்றார்.